பிசிஆர் நெகட்டிவ் இறால் சீட் விட்டும் வைட்ஸ்பாட் (வெள்ளைப்புள்ளி நோய்) வந்துவிட்டது. டெஸ்ட்டை எந்த அளவுக்கு நம்புவது?

வேதை_உப்பாறு:
எல்லோருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கம் இரண்டு குளம் போட்டிருக்கிறேன், வெனாமி இறால். இந்தத் தடவை சீட், அதாவது குஞ்சு, வாங்கும்போது ஹேச்சரியில் (குஞ்சு பொரிப்பகம்) பிசிஆர் சர்ட்டிபிகேட், அதாவது கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்த்த டெஸ்ட்டின் காகிதம், கையில் கொடுத்தார்கள். வைட்ஸ்பாட் நெகட்டிவ், ஐஎச்எச்என்வி நெகட்டிவ், இஎச்பி நெகட்டிவ், மூன்று இறால் நோய்க்கும். ஒரு மாதத்துக்கு மேல் குறையே இல்லை. அப்புறம் ஒரு வாரம் விடாத மழை, குளிர். முதல் குளத்தில் இறால் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றது, நானும் சந்தோஷப்பட்டேன். மறுநாளே செக்டிரேயில் (தீனி தின்றதா என்று பார்க்கும் தட்டு) தீனி அப்படியே கிடந்தது. விடிந்து பார்த்தால் கரையோரம் சோர்ந்து சுற்றுகிறது, உடம்பு சிவந்திருக்கிறது. லேபுக்கு எடுத்துப் போனதில் வைட்ஸ்பாட் பாசிட்டிவ். முதல் குளம் போய்விட்டது. இரண்டாவது குளம் இப்போதைக்கு நிற்கிறது.

என் கேள்வி இதுதான். அந்த நெகட்டிவ் சர்ட்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு? ஹேச்சரி ஏமாற்றியதா, லேப் ஒழுங்காகப் பார்க்கவில்லையா, இல்லை நோய் வேறு வழியில் வந்ததா? என் மச்சான் டெஸ்ட்டே தண்டச் செலவு என்கிறார். அடுத்த பருவத்துக்கு அந்தக் காசை பிளீச்சிங்குக்குப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

நண்டுவலை:
உங்கள் மச்சான் சொல்வதில் தப்பே இல்லை. சர்ட்டிபிகேட் பிரிண்டரில் வருகிறது, குஞ்சு டேங்க்கில் வருகிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. எங்கள் ஊரில் வாங்கிய எல்லோரிடமும் நெகட்டிவ் காகிதம் இருக்கிறது. நோயும் இருக்கிறது. அதோடு இன்னொரு கேள்வி. மருந்தே இல்லாத நோய்க்கு டெஸ்ட் எதற்கு? பாசிட்டிவ் என்று தெரிந்து என்ன செய்யப் போகிறோம், மாத்திரை கொடுக்கப் போகிறோமா?

ஜெல்_பார்வை:
நான் லேபில் பிசிஆர் பார்க்கிறவன், அதனால் சாய்ந்து பேசுவதாக நினைத்தாலும் பரவாயில்லை. வேதை அண்ணே, உங்கள் சர்ட்டிபிகேட்டில் எத்தனை குஞ்சு எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறதா? முதலில் அதைத் தேடுங்கள். பெரும்பாலான காகிதங்களில் அந்த இடம் காலியாக இருக்கும்.

நெகட்டிவ் என்றால், கொடுத்த குஞ்சுகளில் வைரஸ் தென்படவில்லை, அவ்வளவுதான். டேங்க்கைப் பற்றி என்ன சொல்லலாம் என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு டேங்க்கில் 10 லட்சம் குஞ்சு இருக்கிறது, அதில் 100க்கு 2 குஞ்சில் வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலந்து 150 குஞ்சு எடுத்தால் அதில் ஒன்றாவது மாட்டிக்கொள்ள 95 சதவீத வாய்ப்பு உண்டு. 100க்கு 5 இருந்தால் 60 எடுத்தால் போதும், 100க்கு 10 இருந்தால் 30. உலகம் முழுக்க மீன், இறால் நோய்ப் பரிசோதனையில் இந்த அட்டவணைதான். இப்போது அதே 2 சதவீத டேங்க்கில் 30 குஞ்சு மட்டும் அள்ளிக் கொடுத்தால்? பாதிக்கு மேல் தப்பிவிடும்.

இன்னும் கீழே போங்கள். ஆயிரத்துக்கு 2 குஞ்சில்தான் வைரஸ். அதாவது அந்த டேங்க்கில் 2000 குஞ்சு. முறைப்படி 150 எடுத்தாலும் கண்டுபிடிக்க ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்புதான். மீதி நேரமெல்லாம் ‘நெகட்டிவ்’ என்றே வரும். ஹேச்சரி பொய் சொல்லவில்லை, லேப் பொய் சொல்லவில்லை, 2000 குஞ்சு லாரி ஏறிவிட்டது.

நண்டுவலை:
அப்படியானால் ஆயிரம் குஞ்சு எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே?

ஜெல்_பார்வை:
எடுக்கலாம். 3ஐ விகிதத்தால் வகுத்தால் எத்தனை தேவை என்று வந்துவிடும். 0.02ஆல் வகுத்தால் 150. 0.002ஆல் வகுத்தால் 1500. ஆனால் 1500 குஞ்சையும் ஒரே குழாயில் அரைத்துப் போட முடியாது. நோயுள்ள இரண்டு மூன்று குஞ்சின் வைரஸ் மற்றதில் நீர்த்துப் போகும், பிசிஆரைத் தடுக்கும் சங்கதிகளும் கூடும். பிரித்துப் பிரித்துப் பத்து டெஸ்ட்டாகப் போட வேண்டும். செலவும் அத்தனை மடங்கு.

அதற்குப் பதில் அனுபவசாலிகள் வேறு ஒன்று செய்வார்கள். கலந்து அள்ளாமல், டேங்க்கில் அடியில் கிடக்கிற, சோர்ந்த, நீச்சல் குறைந்த குஞ்சைப் பொறுக்கி எடுப்பார்கள். வைரஸ் இருந்தால் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். சிலர் குஞ்சைக் கொஞ்ச நேரம் மிக நீர்த்த ஃபார்மலினிலோ உப்பு குறைத்த தண்ணீரிலோ வைத்து அயர்ச்சி கொடுத்துவிட்டு அப்புறம் டெஸ்ட் எடுப்பார்கள். ஒளிந்திருக்கும் வைரஸ் அயர்ச்சியில் பெருகும். தாய் இறாலிலும் முட்டை விடுவதற்கு முன் நெகட்டிவாக இருந்து, விட்ட பின் பாசிட்டிவ் வருவது உண்டு.

மரக்காணம்_காத்து:
ஹேச்சரியில் வேலை பார்க்கிறேன். எது நடந்தாலும் பழி எங்கள் தலையில்தான் விடியும், பழகிவிட்டது. ஆனாலும் சில விஷயம் சொல்ல வேண்டும்.

வெனாமித் தாய் இறால் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2009ல் அரசு அனுமதி கொடுத்த நாளிலிருந்து சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தல் மையத்தில் வைத்துப் பரிசோதித்த பிறகுதான் எங்களிடம் வரும். எஸ்பிஎஃப் என்று சொல்கிறோமே, அதற்குக் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத வம்சம் என்றுதான் பொருள். அந்த நோய் வந்தால் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. கரையிறங்கி நம் தண்ணீரைத் தொட்டவுடனே அந்தப் பட்டத்துக்குப் பெரிய அர்த்தமும் இல்லை.

எல்லா ஹேச்சரியும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். சினை பிடிப்பதற்காகக் கழிமுகத்தில் தோண்டிய உயிர்ப் புழுவைத் தாய் இறாலுக்குத் தீனியாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வைட்ஸ்பாட்டும் இஎச்பியும் அந்தப் புழுவோடு உள்ளே வரலாம். நீங்கள் சீட் கேட்கும்போது “தாய்க்கு என்ன தீனி” என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள், அதுவே பாதி டெஸ்ட்.

இன்னொன்று. டெஸ்ட்டுக்கு சாம்பிள் எடுத்த டேங்க்கும் உங்களுக்கு பேக்கிங் செய்த டேங்க்கும் ஒன்றுதானா என்று கேளுங்கள். சாம்பிள் போன பிறகு எண்ணிக்கை போதாமல் பக்கத்து டேங்க்கிலிருந்து நிரப்புவது நடக்கிற விஷயம். டேங்க் எண், தேதி, குஞ்சின் வயது மூன்றும் சர்ட்டிபிகேட்டில் இல்லையென்றால் அது எந்தக் குஞ்சுக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். நீங்களே நேரில் வந்து அள்ளி, நீங்களே லேபுக்குக் கொண்டு போங்கள். நல்ல ஹேச்சரிக்காரன் கோபப்பட மாட்டான்.

பழைய_டைகர்:
தம்பி நண்டுவலை, மருந்தில்லாத நோய்க்கு டெஸ்ட் எதற்கு என்று கேட்டீர்கள். டெஸ்ட் இல்லாத காலத்தில் குளம் போட்டவன் நான். கொஞ்சம் சொல்கிறேன்.

1994, 95ல் சீர்காழி, நாகப்பட்டினம் பக்கமும் ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கமும் டைகர் இறால் கொடிகட்டிப் பறந்தது. வயலை விற்றும் வெட்டியும் குளம் போட்டார்கள். அப்போதுதான் இந்த நோய் வந்தது. தைவான், சீனாப் பக்கம் 1992லேயே தலைகாட்டி, 93ல் ஜப்பானுக்குப் போய், அடுத்த வருஷமே நம் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. வந்தது என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, கடுகளவில் ஆரம்பித்து அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் போகாது. அதுதான் எங்கள் டெஸ்ட். புள்ளி தெரியும்போது குளத்தில் பாதி செத்திருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் மொத்தமும் காலி.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மதகைத் திறந்துவிட்டோம். செத்ததும் சாகப்போவதும் வாய்க்காலுக்குப் போனது. அதே வாய்க்காலில் பக்கத்துப் பண்ணைக்காரன் மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தான். காக்காயும் கொக்கும் வந்து ஒரு குளத்தில் கொத்தி இன்னொரு குளத்தில் போட்டது. 96 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து கடலோரப் பண்ணைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது, அது வேறு கதை. அதற்கு முன்னாலேயே நோய் எங்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அப்போது யாராவது ஒருவர் “முதல் குளத்தில் வைரஸ் இருக்கிறது, மதகைத் தொடாதே” என்று நாலு நாள் முன்னால் சொல்லியிருந்தால் என் குளம் பிழைத்திருக்காது. பக்கத்துக் குளங்கள் பிழைத்திருக்கும்.

நண்டுவலை:
ஐயா, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கும் புள்ளியைப் பார்த்துச் சொல்லலாமே, அதற்கு ஏன் லேப்?

பழைய_டைகர்:
டைகரில் பார்க்கலாம். வெனாமியில் புள்ளியே தெரியாமல் சாகிறது. வேதைத் தம்பி சொன்ன மாதிரி சிவந்து, சோர்ந்து, ஓடு தளர்ந்து சாகும். இன்னொரு பக்கம், தண்ணீரில் காரத்தன்மை கூடினாலும் சில பாக்டீரியாவாலும் ஓட்டில் வெள்ளைப் புள்ளி விழும். அதைப் பார்த்து வைட்ஸ்பாட் என்று பயந்து சின்ன இறாலை அவசர அவசரமாகப் பிடித்து விற்றவர்களும் உண்டு.

வேதை_உப்பாறு:
ஜெல்_பார்வை தம்பி, பழைய சர்ட்டிபிகேட்டைத் தேடி எடுத்தேன். குஞ்சு எண்ணிக்கை இல்லை. டேங்க் எண்ணும் இல்லை. இப்போது குளத்து இறாலுக்கு லேபில் கொடுத்த ரிப்போர்ட்டில் “முதல் ஸ்டெப் பாசிட்டிவ்” என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு ஜெல் படமும் ஒட்டியிருக்கிறது, கறுப்பில் வெள்ளைக் கோடுகள். அதை எப்படிப் படிப்பது?

ஜெல்_பார்வை:
நல்ல லேப், படம் கொடுத்திருக்கிறார்கள். படம் இல்லாத ரிப்போர்ட்டை வாங்காதீர்கள்.

வைட்ஸ்பாட்டுக்கு நாம் அதிகம் பார்ப்பது நெஸ்டட் பிசிஆர். தைவானில் சூ ஃபாங் லோ, குவோ இருவரின் குழு 1996ல் வெளியிட்ட முறைதான் இன்றும் உலக விலங்கு நல அமைப்பின் கையேட்டில் இருக்கிறது. முதல் ஸ்டெப்பில் வைரஸ் டிஎன்ஏவில் 1447 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் பெருக்குவோம். அது தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் வைரஸ் அதிகம். வராவிட்டால் அந்தக் குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டாவது ஸ்டெப் போடுவோம், அதற்குள்ளே இருக்கும் 941 நீளத் துண்டு பெருகும். இரண்டாவதில் மட்டும் கோடு வந்தால் வைரஸ் இருக்கிறது, ஆனால் குறைவு. உங்களுக்கு முதல் ஸ்டெப்பிலேயே வந்திருக்கிறது. நோய் முற்றிய இறாலில் அப்படித்தான் வரும்.

படத்தில் ஓரமாக ஏணி மாதிரி படிப்படியாக ஒரு வரிசை இருக்கும், அது அளவுகோல். அப்புறம் பாசிட்டிவ் கண்ட்ரோல், அதில் கோடு இருந்தே ஆக வேண்டும். அடுத்தது இறால் டிஎன்ஏ எதுவும் போடாமல் வெறும் தண்ணீரை வைத்து ஓட்டிய வரிசை, அதில் கோடு இருக்கவே கூடாது. இருந்தால் அந்த லேபில் பழைய டெஸ்ட்டின் டிஎன்ஏ காற்றிலோ பிப்பெட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நெஸ்டட்டில் நடுவில் குழாயைத் திறக்கிறோமே, அதனால் இந்தத் தொல்லை அதிகம்.

கடைசியாக எல்லோரும் கோட்டை விடுகிற ஒன்று, இன்டர்னல் கண்ட்ரோல். இறாலின் சொந்த மரபணுவை வைத்துப் பார்க்கும் கோடு. வைரஸ் கோடும் இல்லை, இறாலின் கோடும் இல்லை என்றால் அது நெகட்டிவ் ரிப்போர்ட் ஆகாது. டிஎன்ஏ சரியாக எடுக்கவில்லை, அல்லது ஏதோ ஒன்று வேலையைத் தடுத்துவிட்டது. மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் சீட் சர்ட்டிபிகேட் இந்த வகையில் இருந்ததா என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

நாகை_கடலோரம்:
மீன்வளம் படிக்கிற மாணவன். ஒரு சந்தேகம். ரியல் டைம் பிசிஆர் இருக்கும்போது ஜெல் ஏன்?

ஜெல்_பார்வை:
மெஷின் விலைதான் காரணம் தம்பி. ரியல் டைமில் குழாயைத் திறக்கவே வேண்டாம், அதனால் கலப்படப் பயம் குறைவு, எவ்வளவு வைரஸ் என்றும் தெரியும். சிடி எண் (எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்பது) குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம், இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏறக்குறைய 3.3 எண் குறைந்தால் வைரஸ் பத்து மடங்கு. சிடி 18 என்றால் குளம் கையைவிட்டுப் போகிறது. 36, 37 என்றால் உடனே முடிவெடுக்காமல் மறுபடி சாம்பிள் எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது வேதை அண்ணனுக்கு மட்டுமில்லை எல்லோருக்கும். சாம்பிள் எடுக்கும் விதத்தில் பாதி டெஸ்ட் அங்கேயே கெட்டுவிடுகிறது. வாரத்துக்கு ஒருவராவது செத்து நாறிய இறாலைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஃபார்மலினில் போட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. ஃபார்மலின் டிஎன்ஏவைப் பாழாக்கும், அது திசுவை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்குப் பயன்படும் சாமான். சாகிற நிலையில் உயிரோடிருக்கும் இறாலை எடுத்து, திசுவின் பத்து மடங்கு அளவு 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். பெரிய இறால் என்றால் செவுளோ நீந்துகாலோ போதும், இறாலைக் கொல்லவே வேண்டாம். கண்ணைச் சேர்க்காதீர்கள். இறாலின் கண்ணில் இருக்கும் பொருள் பிசிஆரைத் தடுத்து, இருக்கிற வைரஸை இல்லை என்று காட்டிவிடும். பெரிய குஞ்சாக இருந்தாலும் கண்ணை நீக்கிவிட்டுத்தான் அரைக்க வேண்டும்.

அதேபோல வைட்ஸ்பாட்டுக்கு ஹெப்பட்டோ (இறாலின் செரிமானச் சுரப்பி) எடுத்து வராதீர்கள். இந்த வைரஸ் தோல், செவுள், தசை, ரத்தம் உருவாக்கும் திசு இவற்றில்தான் குடியிருக்கும், ஹெப்பட்டோவின் குழாய்ச் சுவரில் இருக்காது. இஎச்பி பார்க்க வேண்டுமென்றால் நேர் எதிர். அது வைரஸே இல்லை, நுண்ணிய பூஞ்சை வகை. ஹெப்பட்டோவில்தான் இருக்கும். செக்டிரேயில் கிடக்கும் கழிவை எடுத்துக்கூடப் பார்க்கலாம். ஒரே துண்டுத் திசுவை வைத்துக்கொண்டு ஐந்து நோயும் பார்த்துக் கொடுக்கச் சொன்னால் எங்களால் முடியாது. முடியும் என்று சொல்கிற லேபைக் கொஞ்சம் சந்தேகியுங்கள்.

டைகர்_மறுபடி:
எனக்கு வேறு மாதிரிக் கதை. பழையபடி டைகர் போடலாம் என்று சீட் பார்த்தேன். லேபில் ஐஎச்எச்என்வி பாசிட்டிவ் என்றார்கள். சீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அதே சீட்டை இன்னொருவர் வேறு லேபில் காட்டினார், நெகட்டிவ். நன்றாக வளர்த்துப் பிடித்தும் விட்டார். எந்த லேப் பொய்?

ஜெல்_பார்வை:
இரண்டுமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். டைகர் இறாலில் சில வம்சங்களில் ஐஎச்எச்என்வியின் மரபணுத் துண்டு இறாலின் சொந்த டிஎன்ஏவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வைரஸ் கிடையாது, யாருக்கும் தொற்றாது, தலைமுறை தலைமுறையாக வருகிற பழைய வடு. பொதுவான பிரைமர் (எந்தத் துண்டைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ) போட்டால் அதையும் பிடித்துக்கொண்டு பாசிட்டிவ் என்று காட்டும். 309 என்று ஒரு பிரைமர் ஜோடி இருக்கிறது, அது உண்மையான வைரஸை மட்டும் பிடிக்கும்படி தேர்ந்தெடுத்தது. அடுத்த தடவை ஐஎச்எச்என்வி பாசிட்டிவ் வந்தால் “எந்தப் பிரைமர்” என்று கேளுங்கள்.

டைகர்_மறுபடி:
அதைக் கேட்டால் லேபில் முறைப்பார்கள்.

ஜெல்_பார்வை:
முறைத்தால் வேறு லேப்.

நாகை_கடலோரம்:
இன்னொன்றும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். வைட்ஸ்பாட், ஐஎச்எச்என்வி இரண்டும் டிஎன்ஏ வைரஸ். டாரா, மஞ்சள்தலை, தசை வெளுக்கும் ஐஎம்என்வி மூன்றும் ஆர்என்ஏ வைரஸ். ஐஎம்என்வி 2002ல் பிரேசிலில் ஆரம்பித்து 2006ல் இந்தோனேசியா வரை வந்தது, வால் தசை பஞ்சு மாதிரி வெளுத்துவிடும். இவற்றுக்கு ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவாக மாற்றி, அப்புறம்தான் பிசிஆர். வைட்ஸ்பாட்டுக்கு எடுத்த அதே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு “டாரா நெகட்டிவ், ஐஎம்என்வி நெகட்டிவ்” என்று ஒரு காகிதம் வந்தால் அந்த இரண்டு வரிக்கும் மதிப்பு கிடையாது. எங்கள் வாத்தியார் வகுப்பில் இதைச் சொல்லும்போது பத்து நிமிஷம் திட்டினார், யாரை என்று சொல்லவில்லை.

நண்டுவலை:
லேப், மெஷின், பிரைமர்... எங்கள் ஊரிலிருந்து லேபுக்குப் போய்வர ஒரு நாள் ஆகிறது. கர்ப்பப் பரிசோதனை மாதிரி பட்டையில் சொட்டு விட்டுப் பார்க்கிற கிட் இருக்கிறதாமே, அது போதாதா?

நாகை_கடலோரம்:
இருக்கிறது. ஆனால் அது வைரஸின் புரதத்தைப் பிடிப்பது, டிஎன்ஏவைப் பெருக்குவது கிடையாது. அதனால் நிறைய வைரஸ் இருந்தால்தான் கோடு விழும். கரையோரம் சுற்றுகிற இறாலை எடுத்து, பத்து இருபது நிமிஷத்தில் “இது வைட்ஸ்பாட்தான்” என்று உறுதி செய்ய நல்லது. சீட் வாங்கும்போது அதை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்து போவீர்கள்.

நடுவில் லாம்ப் என்று ஒரு முறை இருக்கிறது. ஜப்பானில் 2000ல் வந்தது. பிசிஆர் மாதிரிச் சூடேற்றிக் குளிரவைத்துச் சுற்ற வேண்டாம், 60 முதல் 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். கலங்கலோ நிற மாற்றமோ கண்ணுக்கே தெரியும். இறால் வைட்ஸ்பாட்டுக்கும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒரு கிராமத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிசிஆரைவிட டிஎன்ஏவை அதிகமாகப் பெருக்குகிற முறை அது. வேலை முடிந்த குழாயைத் திறந்துவிட்டால் அந்த அறை முழுக்க ஒரு மாதம் பாசிட்டிவ்தான்.

உடப்பு_கரை:
இலங்கை புத்தளம் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் கதையெல்லாம் எங்கள் கதையாகவே இருக்கிறது. எங்களுக்கு வெள்ளைப்புள்ளி 1996ல் வந்தது. இங்கே டச்சுக் கால்வாய் ஒன்றுதான் சிலாபம், புத்தளம் களப்புகளை இணைக்கிறது. பண்ணைகள் அதிலேயே தண்ணி எடுத்து அதிலேயே விடுவார்கள். ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும்.

பிறகு நக்டா என்கிற அரசு நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து வலயப் பயிர் நாட்காட்டி என்று கொண்டுவந்தார்கள். எந்த வலயம் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்று வரையறை. குஞ்சு பிசிஆர் பார்த்துத்தான் விட வேண்டும். நோய் இல்லாமல் போய்விடவில்லை, இன்றைக்கும் வருகிறது. ஆனால் தனி ஆள் தன் குளத்துக்கு மட்டும் சோதனை பார்ப்பதிலே பிரயோசனம் குறைவு என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது. அடுத்த வளவுக்காரர் சோதிக்காத குஞ்சு விட்டால் உங்கள் நெகட்டிவ் குஞ்சு என்ன செய்யும்?

வேதை அண்ணை, உங்கள் வாய்க்கால் நண்டுகளைச் சோதித்தீர்களா?

வேதை_உப்பாறு:
நண்டைச் சோதிப்பதா? அது யோசனையிலேயே இல்லை.

உடப்பு_கரை:
நண்டு சாகாது, ஆனால் வைரஸைச் சுமக்கும். கரையில் வளை போட்டு ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு இரவில் நடந்து போகும். நாங்கள் குளத்தைச் சுற்றி வலை அடிக்கிறதே அதற்காகத்தான்.

மரக்காணம்_காத்து:
நல்ல யோசனை. அண்ணே, இன்னொரு கேள்வி. சீட் விட்ட அன்றைக்குக் கொஞ்சம் குஞ்சை எத்தனாலில் போட்டு வைத்தீர்களா? ஒரு பாட்டில் எத்தனால் என்ன விலை, ஆனால் தகராறு வரும்போது அது ஒன்றுதான் சாட்சி.

வேதை_உப்பாறு:
நான் வைக்கவில்லை. ஆனால் அதே டேங்க் சீட்டில் பாதி வாங்கிய பக்கத்துப் பண்ணைக்காரர் வைத்திருப்பதாகச் சொல்கிறார். அவருடைய குளம் இன்றுவரை நன்றாகவே இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

பழைய_டைகர்:
தம்பி, அதற்கிடையில் இரண்டாவது குளத்தைப் பாருங்கள். முதல் குளத்து மதகைத் திறக்காதீர்கள். மீதி இறால் ஏதாவது விலைபோகும் அளவு இருந்தால் வீச்சு வலையில் பிடியுங்கள், தண்ணீரை இறைக்காதீர்கள். பிளீச்சிங் போட்டுத் தண்ணீரை உள்ளேயே நிறுத்துங்கள். அந்தக் குளத்தில் இறங்கிய ஆளும் வாளியும் வலையும் இரண்டாவது பக்கம் வரக்கூடாது. செக்டிரே இரண்டுக்கும் தனித்தனியாக வையுங்கள். வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள், மறைத்தவர்கள்தான் அப்போது ஊரைக் கெடுத்தார்கள்.

நண்டுவலை:
சொன்னால் அடுத்த முறை யாரும் நம் இறாலை வாங்க மாட்டார்கள், வியாபாரி விலையை அமுக்குவான். அந்தப் பயத்தில்தான் யாரும் சொல்வதில்லை. ஐயாவுக்குத் தெரியாததில்லை.

பழைய_டைகர்:
தெரியும். வியாபாரிக்குச் சொல்லச் சொல்லவில்லை, வாய்க்காலுக்குச் சொல்லச் சொன்னேன்.

வேதை_உப்பாறு:
ஒரு தகவல். பக்கத்துப் பண்ணைக்காரர் பாட்டிலைக் கொடுத்தார். அதையும், எங்கள் இரண்டு பேர் வாய்க்காலிலும் பிடித்த நண்டுகளையும், இரண்டாவது குளத்து இறாலின் நீந்துகாலையும் சேர்த்து லேபுக்குக் கொடுத்தேன். செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். முடிவு: பாட்டிலில் இருந்த குஞ்சு நெகட்டிவ், இன்டர்னல் கண்ட்ரோல் கோடு தெளிவாக இருக்கிறது. இரண்டாவது குளம் நெகட்டிவ். என் வாய்க்கால் நண்டு இரண்டாவது ஸ்டெப்பில் பாசிட்டிவ். அவருடைய நண்டு நெகட்டிவ், அவர் வலை அடித்திருக்கிறார்.

அப்படியானால் ஹேச்சரி மேல் தப்பில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மரக்காணம்_காத்து:
அப்பாடா.

ஜெல்_பார்வை:
அவசரப்படாதீர்கள் காத்து. பாட்டிலில் எத்தனை குஞ்சு இருந்தது?

வேதை_உப்பாறு:
எண்ணவில்லை, ஐம்பது அறுபது இருக்கும்.

ஜெல்_பார்வை:
அப்படியென்றால் அந்த டேங்க்கில் 100க்கு 5க்கு மேல் நோய் இல்லை என்று மட்டும் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அதற்குக் கீழே இருந்திருந்தால் அந்தப் பாட்டிலுக்குத் தெரியாது. நண்டுக்கும் அதே கதைதான். உங்கள் குளத்திலிருந்து நண்டுக்குப் போனதா, நண்டிலிருந்து குளத்துக்கு வந்ததா என்று இந்த ரிப்போர்ட் சொல்லாது. இப்போது நோய் வந்த பிறகு பிடித்த நண்டு அது. பக்கத்துக் குளம் அதே சீட்டில் நன்றாக இருப்பதால் என் சந்தேகம் வாய்க்கால் பக்கம்தான். அடுத்த பருவம் சீட் விடுவதற்கு முன்னாலேயே நண்டைப் பிடித்துப் பாருங்கள், அப்போது கேள்விக்குப் பதில் கிடைக்கலாம்.

நண்டுவலை:
சரி, நானும் இறங்கி வருகிறேன். எங்கள் வாய்க்காலில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து ஒரே ஹேச்சரியில் ஒரே டேங்க்கை எடுத்தால், 150 வீதம் இரண்டு மூன்று டெஸ்ட் போட்டாலும் ஆளுக்குப் பெரிய செலவு வராது போலிருக்கிறதே. யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

நாகை_கடலோரம்:
ஆந்திராவில் அப்படித்தான் சங்கமாகச் சேர்ந்து ஹேச்சரியோடு ஒப்பந்தம் போட்டுச் செய்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் 2007ல் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பீடாவின் கீழ் நாக்சா என்று தனி அமைப்பே வந்தது. சின்னப் பண்ணைகளைச் சங்கமாகச் சேர்த்து, ஒரே நேரத்தில் சீட் விடுவது, சேர்ந்து டெஸ்ட் எடுப்பது எல்லாம் அவர்கள் சொல்லிக்கொடுப்பதுதான். சங்கம் பதிவு செய்ய உதவுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

வேதை_உப்பாறு:
நாங்களும் நான்கு பேர் பேசியிருக்கிறோம். ஜெல்_பார்வை தம்பி, ஒரே ஒரு சந்தேகம். நண்டை முழுதாக எத்தனாலில் போட்டு அனுப்பலாமா? போன தடவை லேபில் முகம் சுளித்தார்கள்.

ஜெல்_பார்வை:
முழு நண்டைப் போட்டால் ஓட்டுக்குள் எத்தனால் போகாது, உள்ளே அழுகிவிடும், அதனால்தான் சுளித்திருப்பார்கள். உயிரோடு ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் மேல் ஓட்டைத் திறந்து செவுளை மட்டும் வெட்டி எடுத்துத் தனித்தனிக் குழாயில் போடுங்கள். ஒரு நண்டுக்கும் அடுத்த நண்டுக்கும் நடுவில் கத்தரிக்கோலைத் துடைத்து நெருப்பில் காட்டுங்கள். எந்த இடத்தில் பிடித்தது என்று குழாயின் மேல் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.